மூச்சுப் பயிற்சி செய்தால் மூச்சு வாங்குவது குறையுமா, மனம் அடங்குமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: நாற்பதை நெருங்கும் வயது, நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலை, மூன்று மாதங்களாகக் காலையில் நடையும் கொஞ்சம் ஓட்டமும். ஆனாலும் இரண்டாவது மாடிக்கு ஏறினால் மூச்சு வாங்குகிறது, இரவில் படுத்தால் மனம் அடங்குவதில்லை. காணொளி ஒன்றைப் பார்த்து, விடியற்காலையில் இருபது நிமிடம் வேகமாக மூச்சை இழுத்து விடும் பயிற்சியைத் தொடங்கியிருக்கிறீர்கள். முடித்ததும் தலை லேசாகிறது, விரல் நுனிகளில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது. உடம்பில் ஆக்சிஜன் நிறைந்ததன் அடையாளம் அது என்று காணொளியில் சொன்னார்கள். அது சரியா, எந்தப் பயிற்சியை எவ்வளவு நேரம் செய்யலாம் என்று கேட்கிறீர்கள். மேலே தெரிவது எந்தப் பயிற்சி என்ற கேள்வி. அடியில் இருப்பது, மூச்சை மாற்றினால் உடம்பில் எது மாறும், எது மாறாது என்ற கேள்வி. அது தெளிவாகிவிட்டால் பயிற்சியைத் தேர்ந்தெடுப்பது பெரிய காரியமில்லை. நுரையீரல், இதய நோயாளிகளை மீண்டும் நடமாடவைக்கும் மறுவாழ்வுப் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகளாக இயன்முறை மருத்துவராக வேலை செய்கிறேன். அதற்கு முன்பே பிராணாயாமம் பழகியவன். உங்களை நேரில் பரிசோதிக்காமல் எழுதுகிறேன் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் அந்தத் தலை லேசாகும் உணர்வைப் பார்த்துவிடுவோம். அதைப் பலன் என்று எண்ணிக்கொண்டு தொடர்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை தருகிறது. நலமாக இருக்கும் ஒருவர் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அவருடைய ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் 95 முதல் 100 சதவீதம் வரை ஆக்சிஜனால் நிறைந்திருக்கிறது. விளிம்பு வரை நிரம்பிய குடத்தில் மேற்கொண்டு ஊற்றினால் வழிந்துதான் போகும். வேகமாக மூச்சு விடும்போது பெரிதும் மாறுவது கார்பன் டை ஆக்சைடின் அளவு. அது வெறும் கழிவு என்றே பள்ளியில் படித்திருப்போம். ஆனால் ரத்தத்தின் அமிலநிலையைச் சமமாக வைப்பதிலும், மூளையின் ரத்தக் குழாய்களை விரித்து வைப்பதிலும், அடுத்த மூச்சு எப்போது என்று மூளைத்தண்டுக்கு அறிவிப்பதிலும் அதற்குப் பெரிய பங்கு உண்டு. தமனி ரத்தத்தில் அதன் அழுத்தம் 35 முதல் 45 மில்லிமீட்டர் பாதரச அளவில் இருக்க வேண்டும். தேவைக்கு மேல் மூச்சை வெளியே தள்ளினால் அது இறங்குகிறது; ஒவ்வொரு மில்லிமீட்டர் இறக்கத்துக்கும் மூளைக்குப் போகும் ரத்தம் ஏறத்தாழ 2 முதல் 4 சதவீதம் குறைகிறது. போதாக்குறைக்கு, 1904இல் கிறிஸ்டியன் போர் என்ற டென்மார்க் உடலியலாளர் காட்டியபடி, கார்பன் டை ஆக்சைடு குறைந்த ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். திசுக்களுக்கு எளிதில் விட்டுக்கொடுக்காது. ஆக, உங்கள் தலை லேசாவது மூளைக்கு வழக்கத்தைவிடக் குறைவாகக் கிடைப்பதால். விரல் நுனியில் ஊர்வதும் அதே கணக்குதான்: ரத்தம் காரத்தன்மைப் பக்கம் சாயும்போது அதில் தனித்து உலவும் கால்சியம் குறைந்து, நரம்புகள் காரணமில்லாமல் சிலிர்க்கின்றன. இன்னும் சற்று நேரம் தொடர்ந்திருந்தால் கைவிரல்கள் குவிந்து விறைத்துக்கொள்வதையும் பார்த்திருப்பீர்கள்.

இதைக் கேட்டுவிட்டு, கபாலபாதி என்ற வேக மூச்சுப் பயிற்சியே தவறு என்று முடிவுகட்ட வேண்டாம். முறையாகக் கற்றவர்கள் செய்யும்போது வயிற்றைச் சொடுக்கி மூச்சை வெளியே தள்ளுவது மட்டுமே முயற்சி. உள்மூச்சு தானாக, சிறிதளவு வந்து நிறையும். ஒரு சுற்று முடிந்ததும் ஓய்வு கொடுப்பார்கள். காணொளியைப் பார்த்துச் செய்பவர்கள் பெரும்பாலும் இழுப்பதையும் பலமாக, விடுவதையும் பலமாக, இடைவெளியே இல்லாமல் இருபது நிமிடம் செய்கிறார்கள். அது கபாலபாதியும் ஆகாது, துருத்திபோல மூச்சை ஊதும் பஸ்திரிகையும் ஆகாது, வெறும் அதிமூச்சு. இதில் என் பிழையையும் சொல்லிவிடுகிறேன். வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு குழுவுக்கு இப்படிப்பட்ட வேகப் பயிற்சியை நின்றபடியே செய்யச் சொன்னேன். நான்காவது நிமிடத்தில் பின்வரிசையில் இருந்த ஒருவர் சத்தமில்லாமல் சரிந்து விழுந்தார். நெற்றியில் சிறு காயத்தோடு போயிற்று. அன்றிலிருந்து வேகமான பயிற்சியை நான் புதியவர்களுக்குக் கற்றுத் தருவதே இல்லை. கபாலபாதி செய்தவருக்கு நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்து நுரையீரல் சுருங்கிப்போனதாக 2004இல் ஒரு மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. மிக அரிதான நிகழ்வு அது; ஆனாலும் வேகமும் பலமும் விலையில்லாமல் வருவதில்லை.

அப்படியானால் மெதுவாக விடுவதில் என்ன லாபம்? ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஓய்வாக இருக்கும் வளர்ந்தவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார்; ஒரு மூச்சுக்கு ஏறத்தாழ 500 மில்லிலிட்டர் காற்று. அதில் சுமார் 150 மில்லிலிட்டர் மூக்கு, தொண்டை, மூச்சுக்குழல் என்று வழியிலேயே நின்றுவிடும். வாயு மாற்றம் நடக்கும் காற்றுப்பைகளை எட்டாது. 12 மூச்சு, 500 மில்லிலிட்டர் என்றால் நிமிடத்துக்கு 6 லிட்டர். அதில் பயன்படுவது 4.2 லிட்டர். அதே 6 லிட்டரை மேலோட்டமான 24 மூச்சாகப் பிரித்தால், மூச்சுக்கு 250, அதில் வழியில் நிற்பது போக 100. ஆக மொத்தம் 2.4 லிட்டர்தான் பயன்படும். நிமிடத்துக்கு 6 மூச்சு, ஒவ்வொன்றும் ஒரு லிட்டர் என்றால் 5.1 லிட்டர். உள்ளே போகும் காற்று ஒரே அளவு, வேலைக்கு ஆகும் காற்று இரண்டு மடங்குக்கும் மேல். பதற்றத்தில் தோளைத் தூக்கித் தூக்கி மேல்மார்பில் மூச்சு விடுபவர், நிறைய மூச்சு விட்டும் போதவில்லை என்று உணர்வதற்கு இது ஒரு காரணம். ஓய்வில் இருக்கும் உங்களுக்கு 4.2 லிட்டரே போதும் என்பதால், மெதுவாக விடுவதால் கூடுதல் ஆக்சிஜன் கிடைத்துவிடும் என்று மட்டும் இந்தக் கணக்கை வாசித்துவிடாதீர்கள். குறைந்த உழைப்பில் அதே வேலை நடக்கிறது என்பதே இதன் பொருள்.

இனி உடல் தெம்புக்கு வருகிறேன். இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு, கேட்க அவ்வளவு உவப்பாக இராது: நலமான ஒருவருக்குப் படி ஏறுகையில் மூச்சு வாங்குவது பெரும்பாலும் நுரையீரலின் குறை அன்று. கடும் உழைப்பின்போதுகூட நலமான நுரையீரலில் கொஞ்சம் இருப்பு மிச்சமிருக்கும். எல்லை கட்டுவது பெரும்பாலும் இதயம் ஒரு நிமிடத்தில் எவ்வளவு ரத்தத்தைத் தள்ள முடியும் என்பதும், கால் தசைகள் வந்த ஆக்சிஜனை எவ்வளவு எடுத்துக்கொள்ளும் என்பதும்தான். அவை இரண்டும் நடை, ஓட்டம், மிதிவண்டி, நீச்சல் இவற்றால் வளரும். பாயில் உட்கார்ந்து மூச்சை எண்ணுவதால் வளராது. நுரையீரலின் கொள்ளளவு கூடும் என்று சொல்வதும் அப்படித்தான். உங்கள் நுரையீரல் எவ்வளவு பெரியது என்பதை உயரமும் வயதும் பாலினமும் பெருமளவு முடிவுசெய்துவிட்டன. இருபது, இருபத்தைந்து வயதில் உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்ல இறங்குவது அதன் இயல்பு. ஆகவே மூச்சுப் பயிற்சிக்காகக் காலை நடையைக் குறைத்துக்கொண்டால் நட்டம் உங்களுக்குத்தான்.

ஆனால் மூச்சைப் பழக்குவதால் தெம்புக்கு ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன், ஏனென்றால் கிடைக்கும் இடம் வேறு. படி ஏறுபவர்களைப் பக்கத்தில் நின்று கவனித்துப் பாருங்கள். முதல் ஏழெட்டுப் படிகளைப் பலர் மூச்சையே விடாமல் ஏறுவார்கள். உதடுகள் இறுகியிருக்கும், கழுத்து நரம்பு தெரியும், கை கைப்பிடியை அழுத்தும். திருப்பத்தை எட்டியதும் அடக்கி வைத்திருந்தது மொத்தமாக வெடித்து வரும். அவர்கள் அதை மூச்சு வாங்குவது என்கிறார்கள். நான் அதைக் கடன் அடைப்பது என்பேன். மறுவாழ்வுப் பிரிவில் நாங்கள் முதலில் திருத்துவது இதைத்தான்: காலை உயர்த்தும் முன் மூச்சை இழுத்துக்கொண்டு, ஏறும் முயற்சியின்போது உதட்டைக் குவித்து விட வேண்டும், இரண்டு படிக்கு இழுப்பு, இரண்டு அல்லது மூன்று படிக்கு விடுகை. எடை தூக்கும்போதும் இதே விதி: தூக்கும்போது வெளிமூச்சு. மூச்சை அடக்கித் தூக்கினால் ரத்த அழுத்தம் கண நேரத்தில் எகிறும். இளைஞர்களுக்கு அது பெரிதாகத் தெரியாது, உங்கள் வயதில் பழகிக்கொள்ளத் தேவையில்லாத வழக்கம்.

ஓட்டத்துக்கும் இந்தத் தாளம் உதவும். நான்கு கால் விலங்குகள் பாய்ந்து ஓடும்போது ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு என்று கட்டுப்பட்டிருக்கின்றன. மனிதன் மட்டும் பல தாளங்களில் மாறி மாறி மூச்சு விட்டு ஓட முடியும் என்று 1983இல் பிராம்பிள், கேரியர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்தச் சுதந்திரத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். மெதுவோட்டத்தில் மூன்று அடிக்கு இழுத்து மூன்று அடிக்கு விடுவது பெரும்பாலோருக்குப் பொருந்துகிறது. வேகம் கூடும்போது இரண்டுக்கு இரண்டு. இந்தத் தாளம்தான் எல்லாருக்கும் சிறந்தது என்று நிறுவப்படவில்லை. ஆனால் தாளம் குலைந்த இடத்தில் வேகம் உங்கள் தகுதியைத் தாண்டிவிட்டது என்பது உடனே தெரிந்துவிடும். அதற்காகவே இதைப் பரிந்துரைக்கிறேன். மூக்கால் மட்டும் மூச்சு விட்டபடி நடப்பதும் இப்படி ஒரு கடிவாளம். மூக்குக்குள் காற்று சூடாகி, ஈரமாகி, தூசி வடிகட்டப்பட்டு, மூக்கைச் சுற்றியுள்ள குழிகளில் உருவாகும், ரத்தக் குழாய்களை விரிக்கும் வாயுவான நைட்ரிக் ஆக்சைடைச் சிறிது ஏந்திக்கொண்டு உள்ளே போகிறது. வாயைத் திறந்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் வேகத்தைக் குறையுங்கள். கடுமையாக ஓடும் நாளில் வாயால் விடுவது தவறே இல்லை. அப்போதும் மூக்கைப் பிடித்துக்கொண்டு வைராக்கியம் காட்டுவதில் பொருளில்லை.

மூச்சுத் தசைகளைத் தனியாக வலுவூட்டும் முறை ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி உங்கள் காணொளி ஒன்றும் சொல்லவில்லை என்பதால் குறிப்பிடுகிறேன். கடும் உழைப்பின் உச்சத்தில் உடம்பு எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனில் 10 முதல் 15 சதவீதம் வரை மூச்சுத் தசைகளுக்கே செலவாகலாம். அவை களைத்தால் கால்களுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கி, கால் சீக்கிரம் ஓய்ந்துவிடுகிறது. கைக்கு அடக்கமான ஒரு கருவியின் எதிர்ப்பை மீறி மூச்சை இழுத்துப் பழகுவது அந்தத் தசைகளை வலுப்படுத்துகிறது, இதில் ஐயமில்லை. 2021இல் கொலராடோ பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வில் 50 முதல் 79 வயது வரையிலான 36 பேர் பங்கேற்றனர். நாளுக்கு 30 பலமான இழுப்புகள், வாரத்தில் 6 நாள், 6 வாரம் என்று பயின்றவர்களுக்கு மேல் ரத்த அழுத்தம் சராசரியாக 9 மில்லிமீட்டர் குறைந்தது. ஈர்க்கும் முடிவுதான், ஆனால் 36 பேர் சிறிய எண்ணிக்கை; இதை நம்பி மாத்திரையை நிறுத்துவது பேதைமை. நலமாக ஓடித் திரிபவருக்கு இந்தக் கருவியால் ஓட்ட நேரம் எவ்வளவு மேம்படும் என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போவதில்லை. உங்களுக்கு இப்போது அது தேவையில்லை என்பது என் எண்ணம்.

மனம் அடங்கும் விஷயத்தில் சொல்ல நிறைய இருக்கிறது, அதில் உறுதியானதும் ஐயத்துக்குரியதும் பின்னிக் கிடக்கின்றன. உறுதியானதை நீங்களே உங்கள் மணிக்கட்டில் சோதித்துக்கொள்ளலாம். நாடியில் இரண்டு விரலை வைத்து, மெதுவாக இழுத்து மெதுவாக விடுங்கள். இழுக்கும்போது துடிப்பு சற்று நெருங்கும், விடும்போது சற்று விலகும். வெளிமூச்சின்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பு இதயத்தின் கடிவாளத்தை இழுத்துப் பிடிக்கிறது, உள்மூச்சில் தளர்த்துகிறது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 மூச்சு என்ற வேகத்தில் இந்த ஏற்றஇறக்கமும், ரத்த அழுத்தத்தைச் சீர்செய்யும் அனிச்சைச் செயலும் ஒரே தாளத்தில் இணைந்து, ஊஞ்சலை அது திரும்பும் நேரம் பார்த்து உந்துவதுபோல ஒன்றையொன்று பெருக்குகின்றன. 2001இல் லூசியானோ பெர்னார்டி என்ற இத்தாலிய மருத்துவரின் குழு 23 பேரிடம் சோதித்தபோது, இலத்தீன் மொழியில் ஜெபமாலை சொல்வதும் யோக மந்திரம் ஒன்றை ஓதுவதும் மூச்சைத் தானாகவே நிமிடத்துக்கு 6 அளவில் கொண்டுவந்து நிறுத்தியதைக் கண்டார்கள். இரண்டு வெவ்வேறு வழிபாட்டு மரபுகள் ஒரே எண்ணில் வந்து சேர்ந்திருக்கின்றன. எனக்கு இன்றும் வியப்பு தரும் முடிவு இது.

மூச்சின் தாளத்தை எழுப்பும் சிறு நரம்பணுக் கூட்டம் ஒன்று மூளைத்தண்டில் இருப்பது 1991இல் அடையாளம் காணப்பட்டது. அதிலுள்ள சில அணுக்கள் மூளையின் விழிப்பூட்டும் மையத்தோடு நேரடியாகப் பேசுகின்றன என்றும், அவற்றை நீக்கிய எலிகள் வழக்கத்தைவிட அமைதியாகின என்றும் 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. எலியில் கண்டதை அப்படியே மனிதனுக்கு ஏற்றிச் சொல்ல முடியாது; ஆனால் பதற்றம் மூச்சை வேகப்படுத்துவது போலவே வேகமான மூச்சும் பதற்றத்தைக் கூட்டலாம் என்ற பழைய அனுபவத்துக்கு ஓர் உடற்கூற்று வழி தெரிகிறது. 2023இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு ஒரு மாதம் நாளுக்கு 5 நிமிடம் என்று பல முறைகளை ஒப்பிட்டது. பெருமூச்சைத் திரும்பத் திரும்ப விடும் முறையில், அதாவது மூக்கால் இழுத்து, அதன்மேல் இன்னொரு சிறு இழுப்பு இழுத்து, வாயால் நீளமாக விடுவதில், மனநிலை மற்ற முறைகளைவிடச் சற்றுக் கூடுதலாக மேம்பட்டது. பதற்றமோ தியானம் செய்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவுதான் குறைந்தது. இப்போது மறுபக்கம். அதே 2023இல் 400 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினர் நிமிடத்துக்கு ஐந்தரை மூச்சு, மறுபாதியினர் நிமிடத்துக்கு 12 மூச்சு என்று நான்கு வாரம் நாள்தோறும் 10 நிமிடம் செய்தார்கள். மன அழுத்தத்தில் இரண்டு பாதிக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆக, மெதுவான மூச்சு அந்த நேரத்தில் இதயத்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் மாற்றுகிறது என்பது நிச்சயம். வாரக்கணக்கில் மனம் தெளிவதற்கு மூச்சின் எண்ணிக்கைதான் காரணமா, அல்லது நாள்தோறும் பத்து நிமிடம் ஒன்றையே கவனித்துச் சும்மா உட்கார்ந்திருப்பதே காரணமா என்பது இன்னும் தீரவில்லை. இரண்டும் கலந்தே வேலை செய்கின்றன என்று நான் ஊகிக்கிறேன். செய்பவருக்கு அந்த வேறுபாடு அவ்வளவு முக்கியமில்லை. நிமிடத்துக்கு இத்தனை மூச்சு என்று மந்திர எண் விற்பவரிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள்.

என் அனுபவத்தில், மக்கள் தவறவிடுவது வெளிமூச்சை. சில ஆண்டுகளுக்கு முன் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் வந்தார். எல்லாச் சோதனைகளும் சரி. ஆனால் மூச்சு நிறைவாக இறங்கவே மாட்டேன் என்கிறது என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு வாக்கியத்துக்கு ஒருமுறை கொட்டாவிபோல் வாயைத் திறந்து இழுத்தார். தோள்பட்டை காதை நோக்கி எழுந்தது. எண்ணினேன், நிமிடத்துக்கு 22. ஆழமாக இழுங்கள் என்று அதற்கு முன் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவரும் ஏற்கெனவே பாதி நிறைந்திருந்த மார்புக்குள் மேலும் மேலும் இழுத்துக்கொண்டிருந்தார். நான் இழுப்பதைப் பற்றிப் பேசவே இல்லை. மேசையில் கிடந்த நாளிதழைக் கொடுத்து ஒரு பத்தியை வாய்விட்டு, அவசரமில்லாமல் வாசிக்கச் சொன்னேன். வாசிப்பது என்பது நீண்ட வெளிமூச்சு. வாக்கியம் முடியும்வரை விட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும், முடிந்ததும் காற்று தானாக உள்ளே இறங்கும். மூன்றாவது பத்தியில் தோள் இறங்கியது. ஐந்தாவது பத்தியில் வாசிப்பதை நிறுத்திவிட்டு, "இப்போது இறங்குகிறது சார்" என்றார். காலி செய்தால்தான் நிரப்ப முடியும் என்பதை அவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆகவே உங்களுக்கு நான் சொல்லும் முறையும் வெளிமூச்சிலிருந்துதான் தொடங்குகிறது. மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, ஒரு கையை மார்பிலும் மற்றொரு கையைத் தொப்புளுக்கு மேலும் வையுங்கள். முதலில் உதட்டைக் குவித்து, சூடான பாலை ஆற ஊதுவதுபோல மெல்ல விடுங்கள். கடைசியில் பிழிந்தெடுக்க வேண்டாம். பிறகு மூக்கு தானாக இழுக்கட்டும். மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள தசையான உதரவிதானம் கீழிறங்கும்போது வயிற்றின் மேலிருக்கும் கை உயரும். மார்பின் மேலிருக்கும் கை ஏறக்குறைய அசையாமல் இருக்கும். வயிற்றை வேண்டுமென்றே உப்பவைப்பது பலர் செய்யும் பிழை. கடைசி விலா எலும்புகள் பக்கவாட்டில் குடைபோல விரிகின்றனவா என்று பாருங்கள், அதுவே சரியான அடையாளம். முதல் வாரம் எண்ணவே வேண்டாம். இரண்டாம் வாரம் மூன்று எண்ணி இழுத்து ஐந்து எண்ணி விடுங்கள். வசதியாக இருந்தால் பிறகு நான்குக்கு ஆறு. நான்கும் ஆறும் பத்து நொடி, நிமிடத்துக்கு 6 மூச்சு. காற்றுக்குத் தவிக்கும் உணர்வு வந்தால் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். தவிப்பை வெல்வது இங்கே நோக்கமில்லை. கொட்டாவி தொடர்ந்து வந்தாலோ தலை சுற்றினாலோ அளவுக்கு மீறி இழுக்கிறீர்கள் என்று பொருள். மெதுவாக என்றால் பெரிதாக என்று நினைத்துவிடுவதுதான் காரணம்.

எண்ணுவதே சிலருக்குப் பதற்றமாகிவிடும். அவர்களுக்குப் பிரமரி நல்லது: வாயை மூடி, வண்டு ரீங்கரிப்பதுபோல 'ம்' என்று ஒலித்தபடி மூச்சு தீரும்வரை விடுவது. ஒலி இருப்பதால் வெளிமூச்சு தானாக நீள்கிறது. ரீங்கரிக்கும்போது மூக்கிலிருந்து வெளியேறும் நைட்ரிக் ஆக்சைடு சாதாரண மூச்சைவிடச் சுமார் 15 மடங்கு கூடுவதாக 2002இல் ஸ்வீடனில் அளந்தார்கள். அதனால் மனம் அமைதியாகிறது என்று யாரும் நிறுவவில்லை. அந்த எண்ணைக் காட்டி யாராவது எதையாவது விற்க வந்தால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மூச்சை அடக்கும் கும்பகத்தை இப்போது தொடாதீர்கள். திருமூலர் சொன்ன அளவுதானே என்று பூரகம் (இழுப்பு) 16, கும்பகம் (அடக்கல்) 64, ரேசகம் (விடுகை) 32 என்று மாத்திரை என்னும் கால அளவில் முயல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். குருவின் பக்கத்தில் ஆண்டுக்கணக்கில் பழகிச் சென்றடையும் அளவு அது. ஆனால் அதிலும் விடுவது இழுப்பதைப் போல இரண்டு மடங்கு என்பதைக் கவனியுங்கள். அந்த விகிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

சில எச்சரிக்கைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்று மாதம் ஒழுங்காக நடந்தும் இரண்டு மாடிக்கு மூச்சு வாங்குவது குறையவே இல்லை என்றால், பயிற்சியைத் தேடுவதற்கு முன் ஒரு மருத்துவரைப் பாருங்கள். ரத்தசோகை, தைராய்டு, ஆஸ்துமா, இதயக் கோளாறு எல்லாம் முதலில் இப்படித்தான் தலைகாட்டும். அவற்றை எந்தப் பிராணாயாமமும் தீர்க்காது. நெஞ்சில் இறுக்கம், படுத்தால் கூடும் மூச்சுத்திணறல், கால் வீக்கம், மயக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது. ஆஸ்துமா இருப்பவர்களுக்கு மூச்சுப் பயிற்சி வாழ்க்கையை எளிதாக்குவதாக நல்ல ஆய்வுகள் இருக்கின்றன; ஆனால் அவற்றில் நுரையீரலின் அளவீடுகள் மாறவில்லை, ஆகவே இன்ஹேலரை நிறுத்தக் கூடாது. கர்ப்பிணிகள், கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம், வலிப்பு, அண்மையில் கண் அல்லது வயிற்று அறுவை சிகிச்சை என்று இருப்பவர்கள் வேகமான பயிற்சியையும் மூச்சடக்குவதையும் தவிர்ப்பதே நல்லது. நீரில் மூழ்குவதற்கு முன் வேகமாக மூச்சு விட்டுத் தயாராவது உயிரையே எடுக்கும்: கார்பன் டை ஆக்சைடு குறைந்துபோனதால் மூச்சுவிடச் சொல்லும் அழைப்பு தாமதமாகிறது, அது வருவதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து நினைவு தப்பிவிடுகிறது. பீதித் தாக்குதல் வருபவர்களில் சிலருக்கு மூச்சைக் கவனிப்பதே பீதியைக் கிளப்பும். அவர்கள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, வாய்விட்டு வாசிப்பதிலிருந்தோ பாடுவதிலிருந்தோ தொடங்கலாம்.

உங்களுக்கு நான் எழுதித் தரும் சீட்டு இதுதான். இருபது நிமிட வேகப் பயிற்சியை இன்றே நிறுத்திவிட்டு, அந்த நேரத்தை நடைக்குக் கொடுங்கள். ஒரு முழு வாக்கியத்தைத் திக்காமல் பேச முடிகிற வேகத்தில் வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம். மாலையில் வேலை முடிந்து எழுந்ததும் ஐந்து நிமிடம், படுக்கையில் பத்து நிமிடம் மேலே சொன்ன படுத்த நிலைப் பயிற்சி. படுக்கையில் தூக்கம் வந்துவிட்டால் எண்ணிக்கையை முடிக்க வேண்டும் என்று விழித்துக்கொண்டிருக்காதீர்கள். பகலில் ஏதாவது மின்னஞ்சலோ அழைப்போ வந்து படபடப்பு ஏறினால், இரட்டை இழுப்புப் பெருமூச்சு மூன்றே மூன்று, நான்காவது வேண்டாம். நாம் எல்லாரும் உணராமலேயே சில நிமிடங்களுக்கு ஒருமுறை இப்படி ஒரு பெருமூச்சு விட்டு, மூடிக்கொண்ட காற்றுப்பைகளைத் திறந்துகொள்கிறோம். புதிதாக எதையும் உடம்புக்குச் சொல்லித் தரவில்லை. தொடங்கும் முன் நாளையே அந்த இரண்டு மாடியையும் வழக்கமான வேகத்தில் ஏறி, மேலே நின்று, மூச்சு பழைய நிலைக்கு வர எத்தனை நொடி ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து வையுங்கள். வாரம் ஒருமுறை, அதே படி, அதே வேகம், அதே நேரம். ஆறு வாரத்தில் அந்த எண் இறங்கியிருந்தால் அதில் பெரும்பங்கு நடைக்கு, ஒரு பங்கு முதல் எட்டுப் படிகளில் மூச்சை அடக்காமல் இருந்ததற்கு. இறங்கவில்லை என்றால் அந்தக் குறிப்பேட்டையே எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். அவருக்கு அது மிகவும் பயன்படும்.